குதிரையும் சேர்ந்து எய்யும் அம்பு

திருச்சி டவுன் ஸ்டேஷனைத் தாண்டி ரயில் காவிரிப் பாலத்தில் ஏறியதும், ஜன்னலோரம் இருப்பவர்கள் சட்டைப்பையில் சில்லறை தேடுவார்கள். ஆற்றுக்கு ஒரு ரூபாய் காணிக்கை. கம்பிக்கு வெளியே கையை நீட்டி, நேர் கீழே தெரிகிற நீரோட்டத்தைக் குறிவைத்து நாணயத்தை விடுகிறோம். அது அங்கே விழுவதில்லை. பாலம் ஆற்றுக்கு மேல் பத்து மீட்டர் உயரம், ரயிலின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாணயம் தண்ணீரைத் தொட ஏறத்தாழ 1.4 விநாடி ஆகும். அதற்குள் ரயில் போகும் திசையிலேயே பன்னிரண்டு மீட்டர் முன்னே போயிருக்கும். அதை யாரும் முன்னால் தள்ளவில்லை. விரலைத் திறந்ததோடு சரி.

ரயிலுக்குள் இருந்தவரை ரயிலின் வேகம் நாணயத்துக்கும் இருந்தது. கையை விட்டு நழுவியதும் அந்த வேகம் காணாமல் போய்விடாது. ஏறி வந்த வண்டியிலிருந்து ஒரு பொருள் தன்னோடு கொண்டுபோகும் இந்த வேகத்துக்கு ‘உடன்வேகம்’ என்று இங்கே பெயர் வைத்துக்கொள்வோம். இது வெறும் வாதமாக இருந்த காலமும் உண்டு. ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லைப் போட்டால் அது மரத்தின் அடியில் விழுமா, கப்பல் நகர்ந்துவிட்டதால் பின்னால் தள்ளி விழுமா என்று ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் சண்டை போட்டார்கள். அடியில்தான் விழும் என்று கலிலியோ 1632-ல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். 1640-ல் பிரெஞ்சு அறிஞர் பியேர் கசெந்தி, மார்செய் துறைமுகத்தில் ஒரு துடுப்புக் கப்பலை வேகமாகச் செலுத்தச் சொல்லி, உண்மையாகவே கல்லைப் போட்டுப் பார்த்தார். பாய்மரத்தின் அடியில்தான் விழுந்தது.

கேன்டர் என்ற தாவோட்டத்தில் போகும் குதிரையின் வேகம் விநாடிக்கு எட்டு மீட்டர் என்று கொள்ளலாம். மணிக்கு 29 கிலோமீட்டர், அதாவது பாலத்து ரயிலின் வேகம்தான். அதன் முதுகிலிருந்து ஒருவர் வில்லெய்தால் அம்புக்கும் இந்த உடன்வேகம் உண்டு. குதிரையேற்ற வில்வித்தை பழக வருகிறவர் முதலில் மல்லுக்கட்ட வேண்டியது இதோடுதான். எய்வது எப்படி என்பது அதற்குப் பிறகு.

இந்த விளையாட்டுக்கு இன்று பல வடிவங்கள் உள்ளன. ஜப்பானில் யபுசமே கோயில் விழாக்களில் நடக்கும் சடங்கு. நேரான தடத்தில் பாய்ந்தபடி மூன்று மரப்பலகைகளை எய்ய வேண்டும். துருக்கியர்களின் கபாக் ஆட்டத்தில் உயரமான கம்பத்தின் உச்சியில் இருக்கும் குறியைத் தலைக்கு மேலே பார்த்து எய்வார்கள். கொரிய முறையில் தடத்தின் ஓரமாக இலக்குகள் வரும். புதிதாகப் படிப்பவர்களுக்குக் கணக்கு தெளிவாகப் புரிவது ஹங்கேரி முறையில். கஸ்ஸாய் லயோஷ் என்ற ஹங்கேரியர், கபோஷ்மேரோ என்ற ஊரின் பள்ளத்தாக்கில் குதிரைகளோடு பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, பழைய போர்க்கலையை விதிகளும் புள்ளிகளும் உள்ள விளையாட்டாக்கினார். ஏறத்தாழ 90 மீட்டர் நேர்த்தடம். அதன் நடுப்பகுதிக்கு எதிரே, சற்றுத் தள்ளி, மூன்று திசை பார்த்த இலக்குகள். நெருங்கும்போது முன்னோக்கி, நேரே வரும்போது பக்கவாட்டில், கடந்த பிறகு திரும்பிப் பின்னோக்கி எய்யலாம். எட்டு மீட்டர் வேகத்தில் போனால் மொத்தத் தடமும் பதினொரு விநாடியில் முடிந்துவிடும். மூன்று அம்பு எய்வதென்றால் ஓர் அம்புக்கு நாலு விநாடிகூட இல்லை.

இந்த மூன்று எய்தல்களும் ஒரே வில், ஒரே அம்பு, ஒரே கை. ஆனால் மூன்றும் வேறு வேறு கணக்கு. பழகுபவர்களின் நடுத்தரமான வில் ஒன்று அம்பை விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது என்று கொள்வோம்.

பக்கவாட்டு எய்தல் பார்க்க எளிது. புதியவரை அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். இலக்கு பத்து மீட்டர் தள்ளி, சரியாக இடப்பக்கம் வந்து நிற்கும் கணத்தில் அதையே பார்த்து நாணை விட்டால், அந்தத் தூரத்தைக் கடக்க அம்புக்கு 0.22 விநாடி ஆகிறது. அதற்குள் உடன்வேகம் அம்பை 1.8 மீட்டர், கிட்டத்தட்ட ஆறடி, முன்னே கொண்டுபோய்விடும். இலக்கு ஒரு மீட்டர் அகலம்கூட இராது. அம்பு அதன் முன்பக்கக் காற்றில் போகும். ஆகவே கை குதிரைக்குக் குறுக்காக நீண்டிருந்தால், இலக்கு இன்னும் ஆறடி முன்னே இருக்கும்போதே விட்டுவிட வேண்டும். கண் ‘இப்போது’ என்று சொல்லும் கணம் ஏற்கெனவே தாமதம். தரையில் நின்று எய்யும் வில்லாளி குறி எங்கே என்று கேட்கிறார். குதிரைமேல் இருப்பவர் கேட்க வேண்டியது எப்போது என்பதை.

முன்னோக்கி எய்யும்போது உடன்வேகம் அம்பின் வேகத்தோடு கூடிவிடும். 45-உம் 8-உம் சேர்ந்து 53. பின்னோக்கி எய்தால் கழியும், 37. வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 53-ஐ 53-ஆலும் 37-ஐ 37-ஆலும் பெருக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கில் மோதும்போது முன்னோக்கிய அம்பில், பின்னோக்கியதைப்போல் இரண்டு மடங்கு ஆற்றல் இருக்கிறது! புவியீர்ப்பு இழுப்பிலும் இதே இரட்டிப்பு உண்டு. ஏறக்குறைய நேர் முன்னே 20 மீட்டரில் உள்ள இலக்கை அடைவதற்குள் அம்பு 70 சென்டிமீட்டர் இறங்கும். அதே 20 மீட்டர் பின்னால் என்றால் 1.4 மீட்டர் இறங்கும். இலக்கைக் கடந்தபின் எய்யும் அம்பு தாழ்வாகப் போவது கை நடுக்கத்தால் மட்டுமல்ல.

வில் இரண்டு முறையும் ஒரே அளவுதான் வளைந்தது, ஒரே அளவு ஆற்றலைத்தான் கொடுத்தது. இரட்டிப்பு எங்கிருந்து வந்தது? குதிரையிடமிருந்து. வில் அம்பை முன்னே தள்ளும்போது வில்லாளியையும் அவரைச் சுமக்கும் குதிரையையும் சற்றே பின்னே தள்ளுகிறது. குதிரையின் ஓட்டம் மிக மிகச் சிறிதளவு குறைகிறது. அந்தக் குறைவு அம்பில் போய்ச் சேர்கிறது. பின்னோக்கி எய்தால் கணக்கு தலைகீழ். அம்பு இழந்ததைக் குதிரை வாங்கிக்கொள்கிறது. அரை டன் உடம்புக்கு இதெல்லாம் உணரவே முடியாத அளவு. இருந்தாலும் அந்த அம்பைக் குதிரையும் சேர்ந்துதான் எய்கிறது என்பது இயற்பியல்படி உண்மை.

பின்னோக்கிய எய்தல் அவ்வளவு பலவீனம் என்றால், வரலாற்றில் அதற்கு ஏன் அத்தனை புகழ்? கி.மு. 53-ல் கார்ஹே என்ற இடத்தில் ரோமானியத் தளபதி கிராசஸின் படையை, பழைய பாரசீகத்தை ஆண்ட பார்த்தியர்களின் குதிரை வில்லாளர்கள் நொறுக்கினார்கள். கிராசஸின் மகன் புப்ளியஸ் குதிரைப்படையோடு விரட்டிப் போனபோது அவர்கள் ஓடுவதுபோல் போக்குக் காட்டி, தனியே இழுத்துச் சென்று வளைத்துக்கொண்டதைப் பண்டைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அம்பு தீர்ந்துவிடும் என்று ரோமானியர்கள் காத்திருக்க, ஒட்டகங்களில் அம்புக்கட்டுகள் வந்துகொண்டே இருந்தனவாம். தளவாட ஏற்பாடு ஒரு பக்கம் இருக்கட்டும், அம்பின் கணக்கைப் பார்ப்போம். ஓடியபடி பின்னோக்கி எய்யும் வில்லாளியின் அம்பு, தரையை வைத்துப் பார்த்தால், 37 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. ஆனால் விரட்டி வருபவன் எட்டு மீட்டர் வேகத்தில் அதற்கு எதிரே வருகிறான். அம்பும் அவனும் மோதும் சார்பு வேகம் மறுபடியும் 45. வில்லாளி இழந்த வேகத்தை விரட்டுகிறவனே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான். மைதானத்தில் இருக்கும் இலக்கு அப்படி எதிரே ஓடி வராது. அதனால் இன்றைய விளையாட்டில் பின்னோக்கிய எய்தல் போரில் இருந்ததைவிடக் கடினம் என்பது என் கணிப்பு.

கணக்கு இவ்வளவுதான். உடம்பின் பாடு வேறு.

மகாபாரதத்து வில்லாளிகள் பெரும்பாலும் தேரில் நின்றே போரிடுகிறார்கள். தேரோட்ட வேறொருவர் இருக்கிறார். அர்ச்சுனனின் இரண்டு கையும் காண்டீபத்துக்கு. குதிரைகளின் கடிவாளம் கண்ணனிடம். தேரை விட்டுக் குதிரை முதுகில் ஏறியதும் சாரதி போய்விட்டான். இரண்டு கையும் வில்லில் இருக்க, குதிரையை ஓட்டுவது யார்? இந்தச் சிக்கல் மனிதர்களை எவ்வளவு படுத்தியது என்பதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் இரண்டாம் ஆஷுர்நாசிர்பாலின் அரண்மனைச் சிற்பங்களில் குதிரை வீரர்கள் இரண்டிரண்டு பேராக வருகிறார்கள். ஒருவன் எய்கிறான், பக்கத்துக் குதிரையில் வருபவன் இரண்டு குதிரைகளின் கடிவாளத்தையும் பிடித்திருக்கிறான். தேரைக் கழற்றிவிட்டார்கள், சாரதியை விட மனமில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து, நினிவேயில் கிடைத்த ஆஷுர்பனிபாலின் வேட்டைச் சிற்பங்களில் மன்னன் தனியாகக் குதிரைமேல் இருந்து எய்கிறான். உதவிக்கு ஆள் இல்லாமல் எய்யும் வழி அதற்குள் கைவந்துவிட்டது. இரண்டு சிற்பத் தொகுதிகளும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன; போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது நல்லது.

அசீரியர்களுக்கும் பார்த்தியர்களுக்கும், சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதியான அங்கவடி கிடையாது. சீனாவில் சாங்ஷா நகரில் கி.பி. 302-ஆம் ஆண்டுக் கல்லறை ஒன்றில் கிடைத்த பொம்மைக் குதிரையின் ஒரு பக்கத்தில் மட்டும் அங்கவடி இருக்கிறது. ஏறுவதற்கான படியாக இருந்திருக்க வேண்டும். இரண்டு காலையும் ஊன்றும் அங்கவடி அதன் பின்னரே பரவியது. அது இல்லாமலேயே மனிதர்கள் பல நூற்றாண்டுகள் எய்திருக்கிறார்கள் என்பதை, அங்கவடி நழுவினாலே அலறும் நம் புதிய மாணவர்கள் நினைவில் வைக்கலாம்.

கடிவாளத்தை முடிச்சிட்டுக் குதிரையின் கழுத்தில் போட்டுவிட்டால் அது ஏன் நேராக ஓட வேண்டும்? தடத்தின் இரு ஓரமும் கயிறு கட்டியிருப்பது ஓரளவு உதவும். மீதியைக் குதிரை நம் உடம்பிலிருந்து படித்துக்கொள்கிறது. எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கும் என்பதை பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை உலகத்துக்குக் காட்டியது. கூட்டல் கழித்தல் கணக்குக் கேட்டால் சரியான எண்ணிக்கையில் குளம்பைத் தட்டும். அதன் உரிமையாளர் ஃபான் ஓஸ்டன் ஏமாற்றுக்காரர் அல்ல; குதிரைக்குக் கணக்கு தெரியும் என்று உண்மையாகவே நம்பினார். உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதைப் பொறுமையாகச் சோதித்து 1907-ல் விளக்கினார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸ் தோற்றது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தாலும் தோற்றது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை, அவரே அறியாமல், ஒரு மயிரிழை அசைந்திருக்கிறது. ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. ஃபுங்ஸ்ட் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகும் தன் தலை அசைவைத் தன்னால் அடக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

தூரத்தில் நிற்பவரின் தலையசைவே போதும் என்றால், முதுகில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்புத் திருப்பத்தைக் குதிரை எப்படி உணரும் என்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் துடித்து விரட்டும் விலங்கு அது. நீங்கள் இலக்கைப் பார்க்க இடுப்போடு சேர்ந்து திரும்பினால், குதிரையும் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். அதனால்தான் பயிற்சியாளர்கள் இடுப்புக்குக் கீழே குதிரையோடு, இடுப்புக்கு மேலே இலக்கோடு என்று பிரித்துப் பழக்குகிறார்கள். சாரதியின் வேலை தொடைக்கும் இடுப்புக்கும் போய்விட்டது. வில்லாளியின் வேலை தோளுக்கு மேலே.

குதிரைக்கும் பாடம் உண்டு. அதன் கண்கள் தலையின் பக்கங்களில் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் தெரியும்; மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும்தான் குருட்டுப் பகுதி. ஆகவே முதுகில் இருப்பவர் வில்லைத் தூக்கினால், கண்ணின் ஓரத்தில் ஏதோ நீளமாக அசைகிறது. புல்வெளியில் வேட்டைவிலங்குகளுக்குப் பயந்து வாழ்ந்த இனம் அதைப் பார்த்ததும் ஓடத்தான் செய்யும். நாண் விடும் ஓசையும், காதருகே பறக்கும் அம்பும் வேறு. இதற்கு மருந்து, பயமுறுத்தும் பொருளை மிகச் சிறிய அளவில் திரும்பத் திரும்பக் காட்டி, அதனால் கேடில்லை என்று விலங்குக்கு உணர்த்துவது. நடத்தை அறிவியலில் இதைப் பழக்கமுறுதல் எனலாம். முதலில் வில்லை முகர்ந்து பார்க்கவிட வேண்டும். பிறகு கழுத்தில் தடவ வேண்டும். பிறகு தரையில் நின்றபடி சற்றுத் தூரத்தில் வெறும் நாணைச் சுண்ட வேண்டும். குதிரை காதைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்தினால் உடனே நிறுத்திவிட வேண்டும். அமைதியாக இருந்தால் தொல்லை நீங்கும் என்று அது கற்றுக்கொள்ளும். மிரண்டு துள்ளும்போது நிறுத்தினால், துள்ளினால் தொல்லை நீங்கும் என்று கற்றுக்கொள்ளும்! அவசரக்காரர்கள் கெடுத்துவைத்த குதிரைகளை மீட்பதற்குப் புதுக் குதிரையைப் பழக்குவதைவிட அதிக நாள் ஆகும்.

இனி அசைவு. குதிரையின் நடைகளில் டிராட் எனும் பெருநடை இரட்டைத் தாளம். எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து விழும், ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். கேன்டர் மூன்று தாளம், பின்பு ஒரு மௌனம். அந்த மௌனத்தில் நான்கு காலும் தரையில் இல்லை. நாலுகால் பாய்ச்சலில் தாளம் நான்கு, அதன் பின் அதே மௌனம். இதை அந்தரக் கணம் என்போம். வெறும் கண்ணால் இதை உறுதிசெய்ய முடியாமல் மனிதர்கள் பன்னெடுங்காலம் திண்டாடினார்கள். ஓவியர்கள் முன்னங்காலை முன்னும் பின்னங்காலைப் பின்னும் விரித்துப் பறக்கவிட்டார்கள். 1878-ல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ், தடத்தோரம் கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையே ஒவ்வொன்றையும் இயக்குமாறு நூல்களைக் கட்டிப் படமெடுத்தார். நான்கு காலும் அந்தரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் கால்கள் விரிந்திருக்கும்போது அல்ல, வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கூடியிருக்கும்போது. அதுவரை வரைந்த பாயும் குதிரைகள் பலவும் பொய்த்துப்போயின.

அந்தரக் கணத்தில் நாணை விட வேண்டும் என்று வில்லாளர்கள் சொல்வார்கள். காரணம் விளங்குகிறது: குளம்பு தரையில் மோதும் அதிர்ச்சி அப்போது இல்லை. ஆனால் அந்தரக் கணம் ஒரு விநாடியில் மிகச் சிறிய பங்கு. கண்டதும் செயல்பட மனிதனுக்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். பார்த்து விடுவது நடக்காத காரியம். தாளத்தை உள்வாங்கி முன்கூட்டியே விடத்தான் முடியும். இதற்குக் குதிரையே ஓர் உதவி செய்கிறது. கேன்டரிலும் பாய்ச்சலிலும் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்று அதன் சுவாசம் பூட்டப்பட்டிருக்கிறது; முன்னங்கால்கள் ஊன்றும்போது காற்று வெளியேறும். அந்தச் சீறலைக் காதால் எண்ணிப் பழகலாம். புதியவர் அந்தரக் கணத்தைத் துரத்த வேண்டாம் என்றுதான் சொல்வேன். தாளத்தோடு வில்லை இழுக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

சேணத்தில் அமுங்கி உட்கார்ந்திருந்தால் குதிரையின் ஒவ்வோர் ஏற்ற இறக்கமும் நேராகத் தோளுக்கு வரும். அங்கவடியில் லேசாக எழுந்து, கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் மடக்கி விரித்து அசைவை வாங்கிக்கொண்டால் தோள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் மிதந்து போகும். இதன் பலனை அளந்திருக்கிறார்கள். லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த குழு, பந்தயக் குதிரைகளிலும் ஜாக்கிகளிலும் அசைவு உணரிகளைப் பொருத்தி ஆராய்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டது. குனிந்து எழுந்த நிலையில் இருக்கும் ஜாக்கி, குதிரையின் மேல்கீழ் ஆட்டத்திலிருந்து தன் உடம்பைப் பெருமளவு பிரித்துவிடுகிறார். இந்தப் பாணி 1900-ஐ ஒட்டிப் பரவிய காலத்தில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 விழுக்காடு குறைந்தன. வில்லாளி ஜாக்கி அளவுக்குக் குனிய முடியாது, ஆனால் தத்துவம் ஒன்றே. யபுசமே கற்பவர்கள் இதை உயிருள்ள குதிரைமேல் தொடங்குவதில்லை. மரக்குதிரையின் அங்கவடியில் நின்று தொடை நடுங்கும்வரை பழகுகிறார்கள்.

உடம்பு அசைந்தாலும் கண் அசையாதிருக்க இயற்கையே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. இந்தப் பக்கத்தை இடமும் வலமும் வேகமாக ஆட்டிக்கொண்டே படியுங்கள். எழுத்து கலையும். இப்போது பக்கத்தை அசைக்காமல், அதே வேகத்தில் தலையை ஆட்டிப் படியுங்கள். எழுத்து தெளிவாகவே இருக்கும். உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு தலையின் திருப்பத்தை உணர்ந்து, விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. குதிரைமேல் இருந்து இலக்கில் ஒரு புள்ளியை விடாமல் பார்க்க முடிவது இதனால்தான். ஆனால் அம்பு தொடுக்கக் கீழே பார்த்துவிட்டு மறுபடி இலக்கைத் தேடினால், விநாடிக்கு எட்டு மீட்டர் என்ற கணக்கில் நிலத்தை இழக்கிறீர்கள். எனவே முதல் பயிற்சியே பார்க்காமல் அம்பு தொடுப்பது. அம்பறாத்தூணியிலிருந்தோ வில் பிடித்த கையில் வைத்திருக்கும் கட்டிலிருந்தோ ஓர் அம்பை உருவி, அதன் அடிப்பிளவை விரலால் தடவி நாணில் மாட்ட வேண்டும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, முனையில்லாத அம்புகளை வைத்து, நாணை இழுக்காமல் இதைப் பழகலாம். செலவில்லை, ஆபத்தில்லை. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யத்தக்க விளையாட்டுப் பயிற்சி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வில்லைப் பற்றிக் கொஞ்சம். குதிரைமேல் இருப்பவர் வில்லைக் கழுத்துக்கு மேலாக இப்பக்கமும் அப்பக்கமும் கொண்டுபோக வேண்டும். சேணத்திலும் பிடரியிலும் இடிக்கக்கூடாது. எனவே வில் குட்டையாக இருக்க வேண்டும். குட்டையான வெறும் மரவில்லைக் காதுவரை இழுத்தால் முறியும். ஆசியப் புல்வெளி மக்கள் கண்ட வழி: நடுவில் மெல்லிய மரம், வில்லாளியைப் பார்த்த வயிற்றுப்புறத்தில் கொம்பு, இலக்கைப் பார்த்த முதுகுப்புறத்தில் விலங்கின் தசைநார். வளைக்கும்போது வயிற்றுப்புறம் அமுங்குகிறது, முதுகுப்புறம் இழுபடுகிறது. அமுக்கத்தைத் தாங்குவதில் கொம்பு கெட்டி, இழுப்பைத் தாங்குவதில் நார் கெட்டி. எல்லாவற்றையும் ஒட்டுவது தோலையும் மீனின் காற்றுப்பையையும் காய்ச்சிய பசை. ஈரக்காற்று பட்டால் இந்தப் பசை இளகும் என்பது இதன் பெரிய குறை. இந்தியாவில் முழுக்க எஃகாலேயே வில் செய்ததற்கு மழைக்காலமும் ஒரு காரணம். ஜப்பானியர்கள் மட்டும் இரண்டு மீட்டருக்கு மேல் நீண்ட வில்லை வைத்துக்கொண்டு, அதைக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பிடித்தார்கள். கீழ்ப்பகுதி குட்டையாகிவிட்டதால் குதிரையில் இடிப்பது குறைந்தது.

இன்று தொடங்குபவருக்குக் கொம்பு வில் தேவையில்லை. கண்ணாடியிழை ஒட்டிய குட்டை வில் போதும், மழைக்கும் அசையாது. இழுவிசை 20 முதல் 30 பவுண்டுக்குள் இருக்கட்டும். பலமான வில் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும், குறிப்பாக ஆண்களுக்கு. ஓடும் குதிரைமேல் அதை முழுதாக இழுக்க முடியாமல் பாதியில் விட்டால் ஒவ்வொரு முறையும் அம்பின் வேகம் மாறும். மேலே சொன்ன கணக்கெல்லாம் அப்போது பயனில்லை. ஒரே அளவு இழுக்க முடிகிற மெல்லிய வில், இழுக்க முடியாத வல்வில்லைவிட நல்லது. அம்புக்குப் பிளாஸ்டிக் சிறகு வேண்டாம், பறவை இறகே வேண்டும். இந்த வில்லில் அம்பைத் தாங்கும் தட்டு கிடையாது. அம்பு கையின் மேலேயே உரசிப் போகிறது. இறகு மடிந்து கொடுக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. பக்கவாட்டில் எய்த அம்பின் முனை ஒரு பக்கம் பார்க்க, அது போகிற திசை உடன்வேகத்தால் பத்து டிகிரி விலகியிருக்கும். காற்று இறகைத் தள்ளி அம்பை அதன் வழிக்கே திருப்பிவிடுகிறது.

நாணை மூன்று விரலாலும் இழுக்கலாம், ஆசிய முறையில் வளையம் அணிந்த கட்டைவிரலாலும் இழுக்கலாம். போட்டிகளில் இரண்டுக்கும் இடமுண்டு. வலக்கையால் இழுப்பவர் கட்டைவிரல் முறையில் அம்பை வில்லின் வலப்பக்கம் வைக்கிறார். கையின் சிறு முறுக்கு அம்பை வில்லோடு அழுத்திப் பிடிக்கும்; குதிரை குலுக்கினாலும் நழுவாது. கற்க அதிக நாள் ஆகும், ஆனால் முதலிலேயே இதைக் கற்பது மேல். மூன்று விரலில் ஊறிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

தொடங்கும் வரிசை இதற்குள் உங்களுக்கே புரிந்திருக்கும். தரையில் நின்று வில், வில்லில்லாமல் குதிரை, இரண்டும் தனித்தனியே. குதிரையேற்றத்தில், பயிற்சியாளர் நடுவில் நின்று நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்ட, கடிவாளத்தைத் தொடாமல் கைகளை விரித்து, கண்ணை மூடிக்கூடப் போகப் பழக வேண்டும். பிறகு நிற்கும் குதிரைமேல் எய்தல், நடையில் எய்தல். டிராட்டில் எய்வது கேன்டரைவிடக் கடினம் என்பதால் பலர் அதைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு நேரே கேன்டருக்குப் போகிறார்கள், அதில் தவறில்லை. அம்பின் முனை மழுங்கலாக இருக்கட்டும். தலைக்கவசம் இல்லாமல் ஏற வேண்டாம். இலக்குக்குப் பின்னால் மண்மேடு அல்லது ஆள் நடமாட்டமற்ற வெளி இருக்க வேண்டும். உடன்வேகம் தவறிய அம்பையும் கூடவே கொண்டுபோகும் என்பதால், பார்வையாளர்கள் தடத்தின் முடிவுப் பக்கத்தில், இலக்கு இருக்கும் புறம் நிற்கவே கூடாது.

வில் வாங்க அவசரப்படாதீர்கள். பக்கத்தில் நல்ல குதிரைப் பயிற்சிப் பள்ளி எது, அங்கே குதிரைகளை எப்படி நடத்துகிறார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள். கடிவாளம் இல்லாமல் நீங்கள் கேன்டர் போகலாம் என்று பயிற்சியாளர் சொன்ன பிறகு வில்லுக்குப் பணம் கட்டினால் போதும்.